சாலை எந்த ஊருக்கு வரும்?

"உங்கள் ஊருக்குப் பேருந்து வசதி உண்டா?" என்று எவரேனும் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? உண்டு, இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஏறத்தாழ இப்படித்தான் கேட்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி வெளிவந்த மாவட்டக் கையேடுகளில் ஒவ்வொரு கிராமத்திற்கும் ஒரு வரி உண்டு. அந்த வரியில் மக்கள்தொகை, பள்ளி, மருத்துவமனை, அஞ்சலகம் ஆகியவற்றுடன் பேருந்துக்கும் ஒரு கட்டம் இருக்கும். பேருந்து இல்லாத கிராமமானால், அது கிடைக்கும் இடம் 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா, 5 முதல் 10 கிலோமீட்டர் தொலைவிலா, அதற்கும் அப்பாலா என்பதை ஓர் எழுத்துக் குறியால் காட்டியிருப்பார்கள்.

பார்ப்பதற்கு இது தெளிவான விவரமாகவே இருக்கிறது. ஆனால் அறிவியல் பயிலும் மாணவர்கள் எந்த அளவீட்டைக் கண்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எதை அளந்தார்கள்? எங்கிருந்து எதுவரை அளந்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு கிராமத்தின் போக்குவரத்தைப் பற்றிக் கேட்டுப் பார்ப்போம். விடைகளைப் பொறுத்து ஒரு சாலை வரலாம், வராமலும் போகலாம்.

ஊர் என்பது எது?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 6 லட்சத்து 40 ஆயிரம் கிராமங்கள் இருந்தன. அவற்றுள் ஆள் வாழும் கிராமங்கள் ஏறத்தாழ 6 லட்சம். நாட்டுப்புறத்தில் வாழ்ந்தவர்கள் 83 கோடிப் பேருக்கும் மேல். வகுத்துப் பாருங்கள். ஒரு கிராமத்திற்குச் சராசரியாக 1,400 பேர் வருகிறார்கள்.

இந்தச் சராசரியை எடுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றி வந்தால் பெரிய ஏமாற்றம் காத்திருக்கும். இமாசலப் பிரதேசத்தில் அதே ஆண்டில் கிராமப்புற மக்கள் 62 லட்சம் பேர். ஆள் வாழும் கிராமங்கள் ஏறத்தாழ 18 ஆயிரம். சராசரி 350 பேருக்கும் குறைவு. கேரளத்தில் கிராமப்புற மக்கள் ஒரு கோடியே 75 லட்சம். கிராமங்களோ ஆயிரத்தை ஒட்டியே இருந்தன. சராசரி 17 ஆயிரம்! தமிழ்நாட்டில் 3 கோடியே 72 லட்சம் பேர், ஏறத்தாழ 15 ஆயிரம் கிராமங்கள், சராசரி 2,500. மூன்றும் 'கிராமம்' என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கப்படுகின்றன.

ஏன் இவ்வளவு வேறுபாடு? கணக்கெடுப்பு பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தையே கிராமம் எனக் கொள்கிறது. நிலப் பதிவேடுகளில் எல்லை வகுக்கப்பட்ட நிலப்பரப்பு அது. அதற்குள் மக்கள் ஒரே இடத்தில் கூடி வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடுவில் ஒரு பெரிய ஊர் இருக்கும். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு பட்டி, மேட்டில் ஒரு காலனி, காட்டோரம் பத்து வீடுகள் என்று குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும். ஏட்டில் இவை அனைத்துக்கும் ஒரே பெயர், ஒரே வரி. மழை நாளில் நடந்து வருகிறவர்களுக்கு மட்டுமே இவை வேறு வேறு ஊர்கள் என்பது தெரியும்.

மூன்று விடைகள்

கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக ஒரு கிராமத்தைக் கற்பனை செய்வோம். அதன் பெயர் பெரியூர். மொத்த மக்கள்தொகை 1,400. பேருந்துச் சாலையை ஒட்டிய நடு ஊரில் 800 பேர் வாழ்கிறார்கள். 2 கி.மீ. தள்ளி மேட்டுக்குடியில் 350 பேர். 5 கி.மீ. தள்ளி ஓடைக்கரையில் 250 பேர். சாலைக்கும் பெரியூருக்கும் இடையே எவ்வளவு தூரம்?

முதல் விடை: பூச்சியம். பேருந்து ஊருக்குள்ளேயே நிற்கிறது. கையேட்டில் 'உண்டு' என்று எழுதிவிடலாம். 1,400 பேருக்கும் போக்குவரத்து வசதி இருப்பதாகவே பொருள்படும்.

இரண்டாவது விடை: ஆள்களை எடையாகக் கொண்டு சராசரி காண்பது. 800 பேருக்குத் தூரம் 0. 350 பேருக்கு 2 கி.மீ.; பெருக்கினால் 700. 250 பேருக்கு 5 கி.மீ.; பெருக்கினால் 1,250. கூட்டினால் 1,950. இதை 1,400ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.4 கி.மீ. கிடைக்கிறது. இயற்பியல் வகுப்பில் பொருள்களின் நிறை மையம் காண்பதற்கு நீங்கள் செய்யும் கணக்குதான் இது. நிறைக்குப் பதில் ஆள்கள், அவ்வளவே.

நிறை மையத்தைப் பற்றி இன்னொன்றும் படித்திருப்பீர்கள். ஒரு வளையத்தின் நிறை மையம் அதன் நடுவிலுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. அங்கே வளையத்தின் துகள் ஒன்றுகூட இல்லை. பெரியூரிலும் அதே நிலைமைதான். சாலையிலிருந்து 1.4 கி.மீ. தூரத்தில் ஒருவர்கூட வாழவில்லை! சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் ஓடைக்கரைச் சிறுமி நடக்கும் 5 கிலோமீட்டரை அது மறைத்துவிட்டது.

மூன்றாவது விடை: சாலைக்கு எட்டும் தூரத்தில் எத்தனை பேர் என்று எண்ணுவது. உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் அளவுகோல் இந்த வழியைப் பின்பற்றுகிறது. எல்லாப் பருவத்திலும் பயன்படும் சாலையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வாழும் கிராமப்புற மக்கள் எத்தனை விழுக்காடு என்பதே அந்த அளவுகோல். 2 கி.மீ. என்றால் நடந்து போக 20 முதல் 25 நிமிடம். பெரியூரில் 1,150 பேர் இந்த எல்லைக்குள் வருகிறார்கள். அதாவது 82 விழுக்காடு. எஞ்சிய 18 விழுக்காட்டினர் அனைவரும் ஓடைக்கரையினர்.

ஒரே கிராமம், ஒரே சாலை. பூச்சியம், 1.4 கி.மீ., 82 விழுக்காடு என்று மூன்று விடைகள். மூன்றாவது விடைதான் யார் விடுபட்டார்கள் என்பதைக் காட்டுகிறது.

கீழே இறங்கி வந்த கோடு

எல்லாக் குடியிருப்புகளுக்கும் ஒரே நாளில் சாலை போட இயலாது. எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஒரு விதி வேண்டும். நம் நாட்டில் அந்த விதி பெரும்பாலும் மக்கள்தொகையைக் கொண்டே அமைந்துவந்திருக்கிறது.

1943இல் நாகபுரியில் கூடிய சாலைப் பொறியாளர்கள் இருபது ஆண்டுகளுக்கான திட்டம் ஒன்றை வகுத்தார்கள். வேளாண்மை சிறந்த பகுதிகளில் எந்தக் கிராமமும் முக்கியச் சாலையிலிருந்து 5 மைலுக்கு அப்பால் இருக்கக்கூடாது என்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. 1974இல் தொடங்கிய ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் 'குறைந்தபட்சத் தேவைகள் திட்டம்' 1,500 பேருக்கு மேல் வாழும் கிராமங்களுக்குச் சாலை என்றது. அடுத்த திட்டத்தில் 1,000 முதல் 1,500 பேர் வாழும் கிராமங்களில் பாதியும் சேர்ந்தன. 1981 முதல் 2001 வரைக்கான சாலைத் திட்டம் 500 பேருக்கு மேல் வாழும் எல்லாக் கிராமங்களையும் குறிக்கோளாகக் கொண்டது.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கப்பட்டது. சமவெளியில் 500 பேர், மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் என்பது அதன் அளவு. இத்திட்டம் செய்த முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. வருவாய்க் கிராமத்தை விட்டுவிட்டுக் குடியிருப்பையே அது அலகாக எடுத்துக்கொண்டது. பெரியூரின் பெயரால் ஓடைக்கரை மறைந்துபோவது இதனால் தடுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையின்படி 25,000 குடியிருப்புகளை 62,500 கி.மீ. சாலையால் இணைப்பதென்று முடிவாயிற்று. இடதுசாரித் தீவிரவாதத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 100 பேர் இருந்தாலே போதும். இங்கும் ஒரு வகுத்தல் செய்து பாருங்கள்: ஒரு குடியிருப்புக்குச் சராசரி 2.5 கி.மீ. பல்லாண்டுகளாக விடுபட்ட ஊர்களுக்கும் வெளியுலகுக்கும் இடையே சராசரியாக எஞ்சியிருந்தது இவ்வளவுதான்.

1,500, 1,000, 500, 250, 100 என்று கோடு கீழே இறங்கி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் எங்கே கோடு போட்டாலும் அதற்குச் சற்றுக் கீழே ஓர் ஊர் இருக்கவே செய்யும். நம் பெரியூரைச் சமவெளியில் வைத்துப் பாருங்கள். மேட்டுக்குடியில் 350 பேர், ஓடைக்கரையில் 250 பேர். இரண்டும் 500ஐ எட்டவில்லை. அதே பெரியூரை மலையில் வைத்தால் இரண்டுமே தகுதி பெறுகின்றன.

அடுத்தடுத்துள்ள சிறு குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணவும் திட்டத்தில் இடமுண்டு. சமவெளியில் 500 மீட்டருக்குள்ளும், மலையில் 1.5 கி.மீ. நடைபாதைத் தூரத்துக்குள்ளும் உள்ளவற்றைக் கூட்டிக் கொள்ளலாம். மேட்டுக்குடிக்கு 400 மீட்டர் தள்ளி 160 பேர் வாழும் ஒரு தெரு இருந்தால் கூட்டுத்தொகை 510 ஆகும். சாலை கேட்கும் தகுதி வந்துவிடும். அதே தெரு 600 மீட்டர் தள்ளி இருந்தால்? ஆள் குறையவில்லை, தேவை குறையவில்லை. தகுதி மட்டும் போய்விடுகிறது. ஆகவே எண்ணுகிறவர் ஒரு குடியிருப்பை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார் என்பது சிறிய விஷயமன்று.

கோடு போடுவதே தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. 5 கி.மீ. சாலை போட ஆகும் செலவு அதன் மறுமுனையில் 250 பேர் இருந்தாலும் 2,500 பேர் இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் சிறிய ஊருக்குப் பத்து மடங்கு. பணம் அளவாக இருக்கும்போது பலருக்குப் பயன்படுவதை முதலில் எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கணக்கு செலவை மட்டுமே காட்டும். சாலை இல்லாமையால் அந்த 250 பேர் நாள்தோறும் எதைச் செலவழிக்கிறார்கள் என்பதையும் காண வேண்டுமல்லவா?

தொலைவும் இடப்பெயர்ச்சியும்

தொலைவு வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு இடப்பெயர்ச்சி. கால் நடந்த வழி தொலைவு. வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் கிடைப்பது முன்னது. மக்கள் வாழ்வது பின்னதில்.

பீகார் மாநிலம் கயை மாவட்டத்தில் கெஹ்லோர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே குன்று ஒன்று குறுக்கே நின்றதால் அத்ரி, வசீர்கஞ்ச் பகுதிகளுக்கு இடையே 55 கி.மீ. சுற்றிப் போக வேண்டியிருந்தது. மருத்துவ உதவி உரிய நேரத்தில் எட்டாமல் மனைவியை இழந்த தசரத் மாஞ்சி என்ற கூலித் தொழிலாளி, சுத்தியலும் உளியும் கொண்டு 1960 முதல் 1982 வரை அந்தக் குன்றை வெட்டினார். ஏறத்தாழ 110 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட வழி உண்டாயிற்று. 55 கி.மீ. 15 கி.மீ. ஆகச் சுருங்கியது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. இடப்பெயர்ச்சி மாறவில்லை, தொலைவு 40 கி.மீ. குறைந்தது. ஒரு தனி மனிதர் 22 ஆண்டுகள் உழைத்தது வியப்புக்குரியது. அவ்வாறு உழைக்க நேர்ந்தது வருத்தத்துக்குரியது.

மலையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஓர் எளிய விதி சொன்னார். இன்றைய அலகுகளில் அதைக் கூறினால், சமதரையில் மணிக்கு 5 கி.மீ. நடக்கலாம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 3 கி.மீ. நடையில் 600 மீட்டர் உயரம் ஏறுவதானால் 36 நிமிடத்துடன் 60 நிமிடம் சேர்ந்து 96 நிமிடம் ஆகும். தலையில் அரிசி மூட்டையோ தூளியில் நோயாளியோ இருந்தால் இந்த விதியும் போதாது. தர்மபுரி மாவட்டத்திலுள்ள கோட்டூர் மலைக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் சென்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஓர் ஓடை போதும்

ஒரு மின்சுற்றில் பத்து மின்விளக்குகளைத் தொடராக இணைத்திருக்கிறீர்கள். கம்பி ஓரிடத்தில் அறுந்தால் எத்தனை விளக்குகள் எரியும்? ஒன்றும் எரியாது. சாலையும் தொடர் இணைப்புதான். 5 கி.மீ. சாலையில் 4,990 மீட்டர் கண்ணாடிபோல் இருந்து, எஞ்சிய 10 மீட்டரில் பாலமில்லாத ஓடை குறுக்கிட்டால், வெள்ளம் ஓடும் நாளில் அந்தச் சாலையின் பயன் பூச்சியம். இதனால்தான் 'எல்லாப் பருவத்திலும் பயன்படும் சாலை' என்று திட்டங்களில் அழுத்திச் சொல்கிறார்கள். தார் போட்டிருப்பது மட்டும் அதற்குப் போதாது. நீர் வடிய வழியும், ஓடைகளின் மேல் சிறு பாலமும் வேண்டும். கோடையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களின் கண்ணுக்கு இந்தக் குறை தெரியாது.

நடை, காத்திருப்பு, ஓட்டம்

இப்போது தூரத்தை விட்டு நேரத்துக்கு வருவோம். ஓடைக்கரையிலிருந்து ஒருவர் 20 கி.மீ. தொலைவிலுள்ள நகரத்துக்குப் போகிறார். முதல் 5 கி.மீ. நடை, மணிக்கு 4 கி.மீ. வேகம், 75 நிமிடம். பின் 15 கி.மீ. பேருந்து, மணிக்கு 30 கி.மீ. வேகம், 30 நிமிடம். மொத்தம் 105 நிமிடம்.

இதைக் குறைக்க வழி என்ன? நகரச் சாலையை அகலப்படுத்திப் பேருந்தின் வேகத்தை 60 கி.மீ. ஆக இருமடங்காக்கலாம். 15 நிமிடம் மிச்சம். மொத்தம் 90 நிமிடம். வேகத்தைக் கூட்டாமல் அதே பேருந்தை ஓடைக்கரை வரை கொண்டுவந்தால்? 20 கி.மீ. தூரத்துக்கு 40 நிமிடம். 65 நிமிடம் மிச்சம்! முதல் 5 கிலோமீட்டரைச் சைக்கிளில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் கடந்தாலும் 25 நிமிடத்துடன் 30 நிமிடம் சேர்ந்து 55 நிமிடம்தான். வேகம் மிகக் குறைந்த பகுதியே நேரத்தைப் பெரிதும் விழுங்குகிறது. அந்தப் பகுதியைச் சரி செய்வதில்தான் ஆதாயம் மிகுதி.

இந்தக் கணக்கில் காத்திருப்பைச் சேர்க்கவில்லை. ஒரு மணிக்கு ஒரு பேருந்து சீராக வருகிறது என்று கொள்வோம். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக 30 நிமிடம் காத்திருப்பார். இப்போது பேருந்துகளின் எண்ணிக்கையை மாற்றாமல் இடைவெளியை மட்டும் மாற்றுவோம். ஒன்று 10 நிமிடத்திலும் அடுத்தது 110 நிமிடத்திலும் மாறி மாறி வருகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு பேருந்துகள்தான் இப்போதும். சராசரிக் காத்திருப்பு அதே 30 நிமிடமா?

இல்லை. 120 நிமிடத்தில் 110 நிமிடம் நீண்ட இடைவெளி. ஆகவே வருகிறவர்களில் 12 பேருக்கு 11 பேர் நீண்ட இடைவெளியில் சிக்கிச் சராசரியாக 55 நிமிடம் நிற்பார்கள். ஒருவர் மட்டும் குறுகிய இடைவெளியில் வந்து 5 நிமிடம் நிற்பார். 12 பேருக்கும் சராசரி கண்டால் ஏறத்தாழ 51 நிமிடம். 'ஒரு நாளைக்கு எத்தனை முறை' என்ற விவரம் மட்டும் போதாது, எந்தெந்த நேரத்தில் என்பதும் வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஊர்க்காரர்களுக்குப் பேருந்து வரும் நேரம் தெரியும். அதற்கேற்பப் புறப்படுவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சந்தைக்குப் போவதற்கு அது சரி. பிரசவ வலி கால அட்டவணை பார்த்து வருவதில்லை. பாம்பும் பேருந்து வரும் நேரம் பார்த்துக் கடிப்பதில்லை.

சுழலும் வட்டம்

சாலை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பேருந்து வருமா? ஓடைக்கரையின் 250 பேரில் பத்தில் ஒருவர் நாள்தோறும் வெளியே போய் வருகிறார் என்றால் 25 பேர். போக வர 50 பயணங்கள். பேருந்து நாளைக்கு நான்கு முறை வந்து திரும்பினால் எட்டு ஓட்டம். ஓர் ஓட்டத்துக்கு ஆறு பேர்! 50 இருக்கை கொண்ட வண்டிக்கு இது கட்டுப்படியாகாது. ஓட்டத்தைக் குறைப்பார்கள். குறைத்தால் பேருந்தை நம்பி இருக்க முடியாதென்று மக்கள் வேறு வழி தேடுவார்கள். ஆள் இன்னும் குறையும்; ஓட்டமும் குறையும்.

மக்கள்தொகையிலும் இப்படி ஒரு வட்டம் உண்டு. போக்குவரத்து இல்லாத ஊரிலிருந்து இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்ததால் சாலைக்கான தகுதி கைநழுவுகிறது. ஆள் இல்லாததால் சாலை இல்லையா, சாலை இல்லாததால் ஆள் இல்லையா? விளைவே திரும்பவும் காரணமாகும் இத்தகைய அமைப்பைப் பொறியியலில் பின்னூட்டம் என்பார்கள்.

வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும். பெரிய வண்டிக்குப் பதில் சிறிய வண்டி விடுவது ஒரு வழி. தமிழ்நாட்டில் 1997இல் சிற்றுந்துகள் இந்த நோக்கத்துடனேயே வந்தன. 2025 ஜூனில் விரிவான புதிய சிற்றுந்துத் திட்டம் தொடங்கப்பட்டது. பல சிறு குடியிருப்புகளை ஒரே தடத்தில் கோத்து, ஓர் ஓட்டத்துக்கு ஆள் சேர்ப்பது இன்னொரு வழி. இழப்பைப் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்வது மூன்றாவது வழி. தெருவிளக்கு எரிவதற்கு நாம் கட்டணம் வாங்குவதில்லை அல்லவா?

இரண்டு சக்கரங்களின் வலிமை

பேருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று காட்டிய நிகழ்ச்சிகளும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களை ஊக்குவித்தது. கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் எனப் பெண்கள் பெருந்திரளாகக் கற்றார்கள். பேருந்துக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திராமல் தண்ணீர் எடுக்கவும், விளைபொருள் விற்கவும், குழந்தையை அழைத்துச் செல்லவும் அவர்களால் முடிந்தது.

பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளியல் அறிஞர்கள் இதன் பயனை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவிகளின் அளவு 32 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்திருந்தது. பயன் எங்கே மிகுதி தெரியுமா? பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்! 3 கி.மீ. நடக்க 45 நிமிடம். சைக்கிளில் 15 நிமிடம். போக வர ஒரு மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரம்தான் ஒரு பெண்ணின் படிப்பு தொடருமா நிற்குமா என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

தாய்மார் இறப்பை ஆராய்ந்த அறிஞர்கள் 1994இல் மூன்று தாமதங்களைக் குறிப்பிட்டார்கள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவு செய்வதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நடுவிலுள்ளது முழுக்க முழுக்கப் போக்குவரத்தைச் சார்ந்தது. முதலாவதும் ஓரளவு அதைச் சார்ந்ததே. "இந்நேரத்துக்கு எப்படிப் போவது, விடியட்டும்" என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பார்கள்!

நீங்களும் அளக்கலாம்

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் முதல் நாளை ஆதார நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அது முழு நாட்டுக்குமான வேலை. உங்கள் ஊரளவுக்கு நீங்களே ஒரு சிறு கணக்கு எடுக்கலாம். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்தால் இரண்டு விடுமுறை நாள்களில் முடிந்துவிடும்.

ஒரு பெரிய தாளில் ஊரின் படம் வரையுங்கள். நடு ஊரை மட்டும் வரையாமல் ஒவ்வொரு பட்டியையும், காலனியையும், தனித் தெருவையும் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை வீடுகள், ஏறத்தாழ எத்தனை பேர் என்று எழுதுங்கள். அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தே செல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வயதான ஒருவருடன் மறுமுறை நடந்து அந்த நேரத்தையும் எழுதுங்கள். வழியில் ஓடை, சேறு, விளக்கில்லாத இடம் இருந்தால் குறியிடுங்கள். மழைக்காலத்தில் எத்தனை நாள் அந்த வழி அடைபடும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். பேருந்து வரும் நேரங்களை ஒரு வாரம் பதிந்து, நீண்ட இடைவெளி எது என்று பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு குடியிருப்பின் ஆள் எண்ணிக்கையையும் நடைநேரத்தையும் பெருக்குங்கள். மேட்டுக்குடியில் 350 பேர், 30 நிமிடம்: 10,500. ஓடைக்கரையில் 250 பேர், 75 நிமிடம்: 18,750. ஆள் குறைந்த ஊருக்கே சுமை மிகுதி என்பது இப்போது எண்ணாலேயே தெரிகிறது. மக்கள்தொகையை மட்டும் பார்த்தால் மேட்டுக்குடி முந்தும். மக்கள்தொகையையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓடைக்கரை முந்துகிறது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் படத்தையும் அட்டவணையையும் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு, பெற்றோருடன் அங்கே எடுத்துச் செல்லுங்கள். 'எங்களுக்குச் சாலை வேண்டும்' என்பது கோரிக்கை. '250 பேர், 75 நிமிடம், ஓர் ஓடை, மழைக்காலத்தில் இத்தனை நாள்' என்பது அளவீடு. அளவீட்டைச் சேர்த்துச் சொல்லும் கோரிக்கையை ஒதுக்கித் தள்ளுவது எளிதன்று.